‘ஹோம் மேட்’ என்றால் எந்த வீடு? சாப்பாட்டு விளம்பரமும் வீட்டு நினைவும்

ஊட்டி சேரிங் கிராஸில் ஆரம்பித்து கமர்ஷியல் ரோடு வழியாக மார்க்கெட் வரை நடந்து பாருங்கள். ‘ஹோம் மேட் சாக்லேட்’ பலகைகளை எண்ணி மாளாது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் தொட்டபெட்டா போகிற வழியிலும் இதே பலகைதான். கோகோ மரம் இந்தக் குளிரில் வளராது, அதைப் பார்க்க வேண்டுமென்றால் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் இறங்கித் தென்னந்தோப்புக்குள் போக வேண்டும். இங்கே பல கடைகளில் நடப்பது, கீழேயிருந்து கட்டி கட்டியாக வரும் சாக்லேட்டை உருக்கி, முந்திரி திராட்சை போட்டு, அச்சில் ஊற்றி ஆறவைப்பது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ருசியாகவும் இருக்கும், நானே ஊருக்குப் போகும்போது கால் கிலோ வாங்கிக்கொண்டுதான் போவேன். ஆனால் இதில் வீடு எங்கே வந்தது?

சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ என்று நாம் சொல்லும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் உணவு விளம்பரங்களுக்கென்று தனி ஒழுங்குமுறை கொண்டுவந்தது, 2019 ஜூலையில் அது அமலுக்கு வந்தது. வாங்குகிறவரைத் தவறாக எண்ண வைக்கும் விதமாக ‘வீட்டில் செய்தது’, ‘வீட்டில் சமைத்தது’ மாதிரியான சொற்களைப் போடக்கூடாது என்று அதில் இருக்கிறது. ‘பாரம்பரிய’ என்று போட்டால் அந்தச் செய்முறை தலைமுறை தலைமுறையாக, பெரிதாக மாறாமல் இருந்து வந்ததாக இருக்க வேண்டும். ‘அசல்’ என்றால் அது எங்கிருந்து வந்தது என்று தடம் காட்ட முடிய வேண்டும். கம்பெனியின் பெயரிலேயே ‘நேச்சுரல்’, ‘ட்ரெடிஷனல்’ என்று இருந்து அது ஆளைக் குழப்பும் என்றால், ‘இது வெறும் வணிகப் பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல’ என்று 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் என்பது ஒரு உளுத்தம்பருப்பு அளவுகூட இல்லை. பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது, இருந்தும் பலகைகள் அப்படியேதான் தொங்குகின்றன.

ஏன் என்றால், அந்தப் பலகையை யாருமே தகவலாகப் படிப்பதில்லை. ‘ஹோம் மேட்’ என்று பார்த்ததும் திருப்பூரிலிருந்து வந்தவருக்கு அவர் வீட்டு அடுப்படி ஞாபகத்துக்கு வரும், எர்ணாகுளத்திலிருந்து வந்தவருக்கு அவர் அம்மச்சி. கடைக்காரர் ஒரு வீட்டையும் காட்டவில்லை, காட்டவும் தேவையில்லை. சாப்பாட்டு விளம்பரத்தின் வேலையே பெரும்பாலும் இதுதான் என்பது என் எண்ணம்: காலியாக ஒரு இடத்தை விட்டுவைப்பார்கள், அதில் நம் வீட்டு ஆளை நாமே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவோம். டிவியில் வரும் மசாலா விளம்பரத்துப் பாட்டியைக் கவனித்துப் பாருங்கள். அவருக்கு ஊர் கிடையாது, சாதி தெரியாது, பேச்சில் எந்த வட்டாரமும் ஒட்டியிருக்காது. மதுரைக்காரரும் நாகர்கோவில்காரரும் சேர்ந்து ‘எங்க பாட்டி மாதிரியே’ என்று சொல்ல வேண்டுமே.

சாப்பாட்டில் இது இவ்வளவு எளிதாகப் பலிப்பதற்கு உடம்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. பார்ப்பது, கேட்பது, தொடுவது எல்லாம் மூளையில் தலாமஸ் என்ற நிலையத்தைத் தாண்டித்தான் உள்ளே போகும். வாசனைக்கு அந்தச் சுற்று வேண்டாம். மூக்குக்கு மேலே இருக்கும் நுகர்ச்சிக் குமிழிலிருந்து உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலாவுக்கும், நினைவைக் கையாளும் ஹிப்போகாம்பஸ் பகுதிக்கும் நேராகவே வழி இருக்கிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனைதான், சளி பிடித்தால் சாம்பாரும் ரசமும் ஒன்றுபோல இருப்பது அதனால்தான். டிவியாலோ போனாலோ வாசனையை அனுப்ப முடியாது, அதனால் அதன் பக்கத்தில் இருக்கும் மற்றதையெல்லாம் அனுப்புவார்கள்: தாளிக்கும் சத்தம், மேலே எழும் ஆவி, வளையல் போட்ட கை, ஒரு குழந்தை கண்ணை மூடி இழுக்கும் மூச்சு. வாசனையை நாம் போட்டுக்கொள்வோம்.

இதுவரை சொன்னது விளம்பரம் நினைவைத் தூண்டும் கதை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இல்லாத நினைவை அது உண்டாக்கவும் செய்யும் என்பதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. 2011ல் பிரியாலி ராஜகோபால், நிக்கோல் மான்ட்கோமரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் ஒரு பாப்கார்ன் சோதனை நடத்தினார்கள். சந்தையிலேயே இல்லாத ஒரு பாப்கார்ன் வகைக்கு விளம்பரம் தயாரித்தார்கள், சிலருக்குச் சாதாரண விளம்பரம், சிலருக்கு ருசி, மணம், மொறுமொறுப்பு எல்லாம் கண்முன் வருவதுபோல எழுதிய விளம்பரம். இன்னும் சிலருக்குப் பாப்கார்னையே கொடுத்து, இதுதான் அது என்று சொல்லிச் சாப்பிட வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டுக் கேட்டபோது, அந்த வர்ணனை விளம்பரத்தை வெறுமனே படித்தவர்களும், சாப்பிட்டவர்கள் அளவுக்கு உறுதியாக, தாங்கள் அதைச் சாப்பிட்டதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே 1999ல் கேத்ரின் பிரான் என்பவர் ஆரஞ்சு ஜூஸை வைத்து வேறொன்றைக் காட்டியிருந்தார். மட்டமான ஜூஸைக் குடித்தவர்களிடம் குடித்த பிறகு ஒரு நல்ல விளம்பரத்தைக் காட்டினால், கொஞ்ச நேரம் கழித்து அந்த ஜூஸ் நன்றாக இருந்ததாகவே நினைவுகூர்கிறார்கள். அதாவது விளம்பரம் வாங்குவதற்கு முன்னால் மட்டும் வேலை செய்வதில்லை, வாங்கிக் குடித்து முடித்த பிறகும் பின்னோக்கிப் போய் வேலை செய்கிறது.

எங்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. நாங்கள் இங்கே ‘சிலோன்காரங்க’. 1964ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் எங்கள் அப்பாயியும் (அப்பாவின் அம்மா) ஒருவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் லைன் வீடு, தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டியது. இப்போது டான்டீ என்று சொல்கிறோமே, அந்தத் தோட்டங்களே இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968ல் ஆரம்பித்தவைதான்.

அப்பாயி என்றால் எங்கள் எல்லோருக்கும் ரொட்டிதான். சப்பாத்தி இல்லை, பரோட்டாவும் இல்லை. மாவில் துருவிய தேங்காயும் உப்பும் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து, தட்டின் முதுகில் வைத்து உள்ளங்கையால் தட்டித் தட்டிப் பெரிதாக்கி, அடுப்பில் காய்ந்த தகரத்தில் போடுவார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விழும் மிலாறுதான் விறகு, அதன் புகை கண்ணைப் பிடுங்கும். காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு மூன்றையும் அம்மியில் நைத்து எலுமிச்சை பிழிந்தால் சம்பல். ஓரத்தில் ரொட்டி கருகியிருக்கும், அந்தக் கருகலுக்குத்தான் எங்களுக்குள் சண்டை. கூடவே பால் இல்லாத தேத்தண்ணி, வாயில் ஒரு கடி கருப்பட்டியை அடக்கிக்கொண்டு குடிக்க வேண்டும்.

இதில் எங்கள் அக்காவின் கதை வேறு. ரொட்டியோடு அப்பாயி ஹார்லிக்ஸ் கலந்து கொடுப்பார், கண்ணாடி டம்ளரில், மேலே நுரை நிற்கும் என்று அவள் இன்றைக்கும் அடித்துச் சொல்வாள். அம்மா சிரித்துக்கொண்டே ஒன்றைத்தான் சொல்வார்: வீட்டில் இருந்தது ஹார்லிக்ஸ் பாட்டில், அதுவும் தோட்டத்து ஆபீஸில் கிளார்க் வீட்டம்மா கொடுத்த காலி பாட்டில், அதில் புளி இருந்தது. கண்ணாடி டம்ளரே வீட்டில் கிடையாது. பாட்டில் அடுப்படி அலமாரியில் தினமும் கண்ணில் பட்டது, பக்கத்து லைனில் இருந்த டிவியில் விளம்பரம் ஓடியது, இரண்டும் சேர்ந்து ஒரு டம்ளர் ஹார்லிக்ஸ் ஆகிவிட்டது. அக்கா பொய் சொல்லவில்லை. அவளுக்கு அந்த நுரை உதட்டில் ஒட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது. இதில் ஒரு துணுக்கு, அந்தப் பானத்தை விற்கும் இந்துஸ்தான் யூனிலீவரே 2024 ஏப்ரலில் ‘ஹெல்த்’ என்ற சொல்லைக் கைவிட்டுத் தன் பானங்களின் வகைக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை என்று அந்த மாதம்தான் இணையக் கடைகளுக்கு அரசு தாக்கீது அனுப்பியிருந்தது. எத்தனை வீடுகளில் அம்மாக்கள் காசு மிச்சம் பிடித்து அதை வாங்கியிருப்பார்கள்!

சரி, ஹார்லிக்ஸ் மாயை, ரொட்டியும் தேத்தண்ணியுமாவது நம் சொத்து என்று பார்த்தால் அதுவும் அவ்வளவு நேரான கணக்கு இல்லை. திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்களிலிருந்து எங்கள் முன்னோர்கள் கப்பல் ஏறியபோது அவர்கள் தின்றது கம்பும் கேழ்வரகும் வரகும். கோதுமை மாவு தோட்டத்தில் வந்தது. நிர்வாகம் அரிசியும் மாவும் அளந்து கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். கையில் கிடைத்ததை வைத்து அந்தப் பெண்கள் செய்த சாமர்த்தியம்தான் ரொட்டி.

தேத்தண்ணியின் கதை இன்னும் பெரியது. இந்தியாவில் விளம்பரத்தின் மாபெரும் வெற்றி எது என்று என்னைக் கேட்டால் சோப்பையோ கோலாவையோ சொல்லமாட்டேன், டீயைத்தான் சொல்வேன். நீலகிரியில் 19ஆம் நூற்றாண்டிலேயே தேயிலைத் தோட்டங்கள் வந்துவிட்டன, ஆனால் விளைந்தது பெரும்பாலும் கப்பலுக்கு. ஊர் ஜனங்களுக்கு அது என்னவென்றே தெரியாது. 1903ல் தோட்ட முதலாளிகளே கேட்டுக்கொண்டு தேயிலை மீது ஒரு வரி போட வைத்தார்கள், அந்தப் பணம் முழுக்க டீயைப் பிரபலப்படுத்துவதற்கு. முதலில் அதை வெளிநாட்டுச் சந்தைகளில்தான் அதிகம் செலவழித்தார்கள். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் ஏற்றுமதி படுத்துவிட்டது, அப்போதுதான் உள்ளூரில் இத்தனை கோடி வாய்கள் இருப்பது கண்ணில் பட்டது. 1937ல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் என்று பெயர் மாறியது, வேகம் கூடியது. வண்டிகள் ஊர் ஊராகப் போய் டீ போட்டுக் காட்டி இலவசமாகக் கொடுத்தன. ரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள், டீ போடுவது எப்படி என்று படம் போட்டு, அந்தந்த மொழியில் எழுதி. கொதித்த தண்ணீரை ஊற்றி மூடி வை, பிறகு கொஞ்சம் பால் என்பது அவர்கள் சொன்ன முறை. நம் ஆட்கள் பாலையும் சர்க்கரையையும் அள்ளிப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள், பிரசாரகர்களுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் ஜெயித்தது அதுதான். டீ உடம்புக்கு ஆகாது என்று காந்தி சொல்லிக்கொண்டிருந்தார், 1947ல் அதே வாரியத்துக்கு அன்னதா முன்ஷி வரைந்த போஸ்டரில் ராட்டையோடு ஒரு பெண் டீக்கோப்பையுடன் உட்கார்ந்திருக்கிறாள், டீ நூற்றுக்கு நூறு சுதேசி என்று. சாமர்த்தியம் என்றால் அது சாமர்த்தியம். அப்புறம் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கும் சிடிசி இயந்திரம் பரவி, கொஞ்சம் தூளில் நிறைய கோப்பை எடுக்கலாம் என்றானதும் முக்குக்கு முக்கு டீக்கடை வந்தது. இன்றைக்கு டீ இல்லாமல் ஒரு கல்யாணமோ கருமாதியோ நடக்குமா சொல்லுங்கள்.

டீ விளம்பரங்களில் வரும் தோட்டத்துப் பெண்ணைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். பளிச்சென்று சேலை, முதுகில் மூங்கில் கூடை, இரண்டு விரலால் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளி, கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. கோத்தகிரிப் பக்கம் வந்து பாருங்கள், பல தோட்டங்களில் கத்தரியால்தான் வெட்டுகிறார்கள், கொழுந்து பையிலோ சாக்கிலோ விழுகிறது, இடுப்பைச் சுற்றி ஈரம் ஏறாமல் இருக்க படங்கு, காலில் அட்டைக்கு பயந்து சாக்ஸ் மேல் சாக்ஸ். அப்பாயியின் வலது பெருவிரலில் கறை கடைசிவரை போகவில்லை. அந்தக் கையால்தான் ரொட்டி தட்டினார், அதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

எங்களுக்கு அடுத்த தலைமுறைக்கு இந்த இடத்தில் மேகி இருக்கிறது. நம் நாட்டில் அது வந்தது 1983ல், ‘இரண்டே நிமிடம்’ என்று அம்மாக்களிடம் பேசிக்கொண்டு. 2015 ஜூனில் ஈயம் அதிகம், ருசி கூட்டும் எம்எஸ்ஜி உப்பைப் பற்றி லேபிளில் தவறான தகவல் என்று சொல்லி எஃப்எஸ்எஸ்ஏஐ தடை போட்டபோது, அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போய்த் தனியாக அறையெடுத்துத் தங்கியிருந்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் தடையை ரத்து செய்தது, மறுபரிசோதனையில் தேறி நவம்பரில் கடைக்குத் திரும்பியது. நடுவில் அந்தக் கம்பெனி வெளியிட்ட குறும்படங்களைப் பாருங்கள், ஈயத்தைப் பற்றியோ ஆய்வகத்தைப் பற்றியோ அவற்றில் பேச்சே இல்லை. தனியாக இருக்கும் பையன் ராத்திரி பசியில் மேகியை நினைத்து ஏங்குகிறான், அவ்வளவுதான். ஆய்வகம் ஒரு பக்கம் வாதாட, நினைவு இன்னொரு பக்கம் வாதாடியது. இங்கே வியூ பாயின்ட் கடைகளில் குளிரில் நடுங்கிக்கொண்டு மேகி சாப்பிடும் கூட்டத்தைப் பார்த்தால் யார் ஜெயித்தார்கள் என்று தெரியும்.

ஒரு ஊரின் பெயரையும் ருசியையும் சேர்த்து விற்பதற்கு ஒழுங்கான வழியும் உண்டு. ஊட்டி வர்க்கிக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நொதித்த தாய்மாவு, விறகு அடுப்பு, இந்த மலைக் காற்று எல்லாம் சேர்ந்து வருகிற மொறுமொறுப்பு அது, கீழே மேட்டுப்பாளையம் போய்ச் செய்தால் அதே வர்க்கி வராது என்பார்கள் பேக்கரிக்காரர்கள். குறியீடு வாங்க எங்கே, எப்படி, எதை வைத்துச் செய்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ‘பாட்டி கைப்பக்குவம்’ என்று போட ஒன்றும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இதெல்லாம் நான் கிளற ஆரம்பித்தது அத்தை மகனால். கோத்தகிரியில் சின்னக் கடை வைத்திருக்கிறான், டூரிஸ்ட்டுகளுக்கு விற்க ‘அப்பாயி ரொட்டி மிக்ஸ்’ என்று ஒரு பாக்கெட் தயார் செய்தான். முன்பக்கம் அப்பாயி படம். எங்களிடம் இருப்பது மண்டபம் முகாம் காலத்துக் குடும்ப அட்டையில் ஒட்டியிருந்த ஒரே ஒரு படம்தான், அதில் அவர் கேமராவை முறைத்துக்கொண்டிருப்பார். கோயம்புத்தூரில் டிசைன் செய்த பையன் கம்ப்யூட்டரில் உதட்டோரத்தை ஏற்றிவிட்டு, இரண்டு பல்லும் வைத்து, அப்பாயியைச் சிரிக்க வைத்துவிட்டான். வீட்டுப் பிள்ளைகள் அதைப் பார்த்து ‘அப்பாயி எவ்ளோ அழகு’ என்கிறார்கள். அவர்களில் யாரும் அப்பாயியைப் பார்த்ததில்லை, இனி அவர்களுக்கு அப்பாயி என்றால் அந்தச் சிரிப்புதான்.

அத்தை சிரிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டைத் திருப்பினார். எதை அதிகம் போட்டிருக்கிறதோ அதை முதலில் எழுத வேண்டும், பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும் என்பது லேபிள் விதி. மைதா, உலர் தேங்காய்த் தூள் 6 சதவீதம், உப்பு.

“நூத்துக்கு ஆறாடா? எங்கம்மா மாவுக்குப் பாதி தேங்காய் போடும்.”

“அவ்வளவு போட்டா ஒரே மாசத்துல காறல் அடிச்சிடும்மா.”

நான் அவனுக்கு அமெரிக்காவில் கேக் மிக்ஸ் விற்ற கதையைச் சொன்னேன். முட்டைத் தூள் எல்லாம் உள்ளேயே போட்டு விற்றபோது பெண்களுக்குக் குற்ற உணர்வாக இருந்தது, முட்டையை நீங்களே உடைத்து ஊற்றுங்கள் என்று மாற்றியதும் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது என்று 1950களைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. விளம்பர வகுப்புகளில் ஆசையாகச் சொல்வார்கள். முழுசாக நம்ப வேண்டாம், பச்சை முட்டை சேர்க்கும் மிக்ஸுக்கு டஃப் என்ற கம்பெனி 1935லேயே காப்புரிமை வாங்கிவிட்டது, அப்போதே வீட்டுக்காரிகளுக்குச் சொந்த முட்டைதான் பிடித்திருந்தது. நம் ரொட்டிக்கும் அது பொருந்தும், தேங்காயை அவரவர் துருவிக்கொள்ளட்டும், வீட்டில் செய்தது என்று சொல்ல அவர்களுக்காவது ஒரு நியாயம் இருக்கும் என்றேன்.

அது அவனுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த அச்சில் தேங்காய்த் தூளை எடுத்துவிட்டு, பின்பக்கம் ‘அரை மூடித் தேங்காய் துருவிச் சேர்க்கவும்’ என்று போடப் போகிறானாம், முன்பக்கம் போட்டிருந்த ‘பாரம்பரிய’ என்பதையும் எடுத்துவிடுகிறானாம். அப்படியே அப்பாயியின் சிரிப்பையும் எடுத்துவிடேன் என்று கேட்டேன்.

“அதுக்குத்தானே மச்சான் அந்தப் பையனுக்கு ரெண்டாயிரம் குடுத்தேன்” என்கிறான்.